தனியாள் புரோகிராமரின் நான்கு வேலைகள்: தமிழ் பில், தராசு, பாமினி கோப்பு, மழைமானி

கேள்வி இதுதான்: வேலையை விட்டுவிட்டுத் தனியாக மென்பொருள் எழுதத் தொடங்கியிருக்கும் ஒருவருக்கு, மளிகைக் கடைக்குத் தமிழில் பில் போடும் மென்பொருள் வேலை கிடைத்திருக்கிறது. எலக்ட்ரானிக் தராசையும் அதில் இணைக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய கோப்புகளை யூனிகோடாக்கும் கருவி ஒன்றும், மொட்டைமாடியில் ஒரு மழைமானியும் செய்ய ஆசை. எதில் எங்கே அடி விழும்?

நான்கிலும் நிரலின் நடுப்பகுதி எளிது. தரவு உள்ளே வரும் வாசலிலும் வெளியே போகும் வாசலிலும்தான் நாள்கள் கரையும்: தராசின் வயர், பிரிண்டரின் தலை, பழைய எழுத்துரு, மழைமானியின் சுவிட்ச். எத்தனை நாளாகும் என்று கடைக்காரருக்குச் சொல்லும் முன், இப்படிப்பட்ட வாசல் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு வாசலுக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பொருந்திவரும்.

பில்லிலிருந்து தொடங்குவோம். ஒரு வரி நிரல்கூட எழுதும் முன் கடைக்காரரிடமோ அவருடைய ஆடிட்டரிடமோ கேட்க வேண்டியது, கடை ஜிஎஸ்டியில் சாதாரணப் பதிவா, காம்போசிஷன் திட்டமா (சிறு வணிகர் விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் முறை) என்பது. காம்போசிஷன் என்றால் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவே கூடாது. கொடுப்பது வரி இன்வாய்ஸ் அல்ல, ‘பில் ஆஃப் சப்ளை’. தாம் காம்போசிஷன் வணிகர், வரி வசூலிக்கத் தகுதியில்லை என்ற வாசகம் அதன் தலையில் அச்சாக வேண்டும். இதைக் கேட்காமல் வரிக் கணக்கை எழுதிவிட்டுப் பிறகு பிடுங்குவது வீண் வேலை.

விலையை ரூபாயில், தசமப் புள்ளியோடு வைக்காதீர்கள். எல்லாம் பைசாவில், முழு எண்ணாக. எடையும் அப்படியே, கிராமில். கிலோ 64 ரூபாய்ப் பருப்பில் 735 கிராம் என்றால் 6400 × 735 ÷ 1000 = 4704 பைசா. கடைசியில் ஒரே ஒருமுறை முழுமையாக்கினால் போதும்.

மளிகையில் விலை பெரும்பாலும் வரி உள்ளடங்கியது. அங்கேதான் ஒரு பைசா உதைக்கும். 5 சதவீத வரி உள்ளடங்கிய 20 ரூபாய்ப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். வரியில்லாத விலை 19.0476, அதாவது 19.05. மீதி வரி 95 பைசா. அதை மத்திய வரி, மாநில வரி என்று சரிபாதியாக்கினால் 47.5 பைசா. இரண்டையும் மேலே தூக்கினால் மொத்தம் 20.01, கீழே இறக்கினால் 19.99. இதைத் தவிர்க்க வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் பாதி வரியைக் கணக்கிட்டு முழுமையாக்குங்கள் (20 × 2.5 ÷ 105 = 0.476, அதாவது 48 பைசா), அதை இரட்டித்து விலையிலிருந்து கழியுங்கள். அடிப்படை விலை 19.04, இரண்டு வரியும் 0.48, மொத்தம் சரியாக 20.

வரி விகிதத்தைப் பொருள் அட்டவணையில் ஒரே எண்ணாக வைப்பது இன்னொரு பொறி. 2025 செப்டம்பர் 22 முதல் பழைய 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5க்கும் 18க்கும் மாறின. அதற்கு முந்தைய பில்லின் சரக்கு திரும்பி வந்தால் பழைய விகிதத்தில்தான் கணக்கு எழுத வேண்டும். ஆகவே விகிதத்தை ‘இந்தத் தேதியிலிருந்து’ என்ற ஒரு கட்டத்தோடு தனி அட்டவணையில் வையுங்கள். பில்லின் ஒவ்வொரு வரியிலும் அன்றைக்கு இருந்த விகிதத்தை நகலெடுத்து எழுதிவிடுங்கள். இரட்டிப்பாகச் சேமிப்பது தரவுத்தளப் பாடத்தில் தவறு, கணக்குப் புத்தகத்தில் தவறில்லை.

இன்வாய்ஸ் எண் நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாக, 16 எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். எழுத்து, எண், கோடு, சாய்கோடு மட்டும் அனுமதி. ரத்தான பில்லை அழிக்காதீர்கள். ‘ரத்து’ என்று குறித்து எண்ணை அப்படியே விடுங்கள். கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தெர்மல் தாளில் அடித்தது அவ்வளவு காலம் தாங்காது, வெயில் பட்டால் வெளுத்துவிடும். கடையின் நினைவாற்றல் உங்கள் தரவுக் கோப்புதான்.

ஒற்றைக் கணினிக் கடைக்கு, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளம் தாராளமாகப் போதும். ஆனால் கரண்ட் போகும். மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் வால் (WAL) முறையில், எழுதியது வட்டில் இறங்கும்வரை காத்திருப்பதா என்று சொல்லும் சிங்க்ரனஸ் அமைப்பு ‘நார்மல்’ என்று இருந்தால் மின்வெட்டில் கோப்பு கெடாது, ஆனால் கடைசியாகப் போட்ட ஓரிரு பில்கள் காணாமல் போகலாம். தாள் வாடிக்கையாளர் கையில், பதிவு மட்டும் கணினியில் இல்லை. அடுத்த பில் அதே எண்ணில் வரும். அதனால் ‘ஃபுல்’ என்று வையுங்கள், பில்லுக்குச் சில மில்லி நொடிதான் கூடும். வால் முறையில் உள்ள கோப்பை நெட்வொர்க் போல்டரில் வைத்து இரண்டு கணினிகளிலிருந்து திறக்கக் கூடாது. இரண்டாவது கவுண்டர் வருகிறது என்றால் போஸ்ட்கிரஸ் போன்ற சர்வர் தரவுத்தளத்துக்கு மாறும் நேரம் வந்துவிட்டது. பேக்கப்புக்கு, திறந்திருக்கும் கோப்பைப் பென் டிரைவுக்கு அப்படியே இழுத்துப் போடுவது ஆபத்து. எஸ்க்யூலைட்டின் பேக்கப் வசதியையோ ‘வேக்யூம் இன்டு’ கட்டளையையோ பயன்படுத்திப் புதுக் கோப்பு எடுங்கள். எடுத்ததை மாதம் ஒருமுறை வேறு கணினியில் திறந்து பாருங்கள்.

இனி அச்சு. சந்தையில் கிடைக்கும் மலிவான பில் பிரிண்டர்களை நம்பித் தமிழை எழுத்தாக அனுப்ப முடியாது. உள்ளே தமிழ் எழுத்துகள் இருந்தாலும்கூட, ஒற்றைக் கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவரும் அறிவு அவற்றுக்குக் கிடையாது. ஒரே வழி, பில்லைப் படமாக வரைந்து அனுப்புவது.

இந்தப் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள். 58 மி.மீ. தாளில் அச்சாகும் அகலம் 48 மி.மீ., 384 புள்ளி. 80 மி.மீ. தாளில் 72 மி.மீ., 576 புள்ளி. ஒரு பைட்டுக்கு எட்டுப் புள்ளி என்பதால் பெரிய தாளுக்கு வரிசைக்கு 72 பைட், சிறியதற்கு 48. பிரிண்டருக்கான கட்டளைகள் பைட் எண்களாகப் போகும். தொடக்கக் கட்டளை 27, 64. படக் கட்டளை 29, 118, 48, 0; பிறகு அகலம் இரண்டு பைட்டில், உயரம் இரண்டு பைட்டில், குறைந்த மதிப்புள்ள பைட் முதலில். 576 புள்ளி அகலமும் 200 வரிசை உயரமும் கொண்ட துண்டுக்கு 29, 118, 48, 0, 72, 0, 200, 0 என்று அனுப்பி, அதன்பின் 14,400 பைட் படத்தரவு. கல்லாப் பெட்டி திறக்க 27, 112, 0, 25, 250.

முழு பில்லையும் ஒரே படமாக அனுப்பினால் மலிவுப் பிரிண்டரின் நினைவகம் நிரம்பிப் பாதியில் கிறுக்கல் வரும். 100 முதல் 200 வரிசை வரையிலான துண்டுகளாக வெட்டுங்கள்; வெட்டு எழுத்தின் நடுவில் விழாமல் இரண்டு வரிக்கு இடையில் விழட்டும், ஏனென்றால் துண்டுக்குத் துண்டு தாள் ஒரு நொடி தயங்கினால் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். சீரியல் கேபிள் உள்ள பழைய பிரிண்டர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: 9600 வேகத்தில் நொடிக்கு 960 பைட்தான் போகும், மேலே சொன்ன ஒரு துண்டுக்கே 15 நொடி. யூஎஸ்பி அல்லது லேன் பிரிண்டர் வாங்கச் சொல்வது உங்கள் நேரத்தைவிட மலிவு. விண்டோஸில் டிரைவர் வழியாக அனுப்பும்போது தரவு வகையை ‘ரா’ என்று வைக்காவிட்டால் மேற்படி எண்கள் எழுத்துகளாக அச்சாகும்.

படம் வரையும் இடத்திலும் கவனம் வேண்டும். பைத்தானில் பில்லோ நூலகம் என்றால் எழுத்துகளைச் சரியான வரிசையில் கோக்கும் ராக்ம் (Raqm) துணை நூலகம் இயங்குகிறதா என்று நிரல் தொடங்கும்போதே சோதியுங்கள். இல்லாவிட்டால் ‘கொ’ என்பதில் கொம்பு இடம் மாறி நிற்கும். உங்கள் கணினியில் சரியாக வந்து கடைக் கணினியில் மட்டும் உடையும் வகைப் பிழை இது. கறுப்பு வெள்ளையாக்கும்போது டிதரிங்கை (சாம்பல் நிறத்தைச் சிதறிய புள்ளிகளால் காட்டும் முறையை) நிறுத்திவிட்டு, ஒரு வரம்புக்குக் கீழே கறுப்பு, மேலே வெள்ளை என்று வெட்டுங்கள். டிதரிங் போட்டால் எழுத்தின் ஓரம் சொறிபிடித்தது போலிருக்கும். எழுத்தளவு 24 முதல் 28 புள்ளி. 20க்குக் கீழே போனால் மெய்யெழுத்தின் மேற்புள்ளி மறையத் தொடங்கும், ‘கடலை’யும் ‘கட்லை’யும் ஒன்றாகிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவை மென்பொருளோடு சேர்த்தே கொடுங்கள். லதா, நிர்மலா இரண்டும் விண்டோஸோடு வருபவை. அவற்றை நகலெடுத்து விநியோகிக்க உங்களுக்கு உரிமையில்லை.

தமிழ் வரியைப் படமாகவும் எண் வரியைப் பிரிண்டரின் சொந்த எழுத்திலும் அடித்தால் வேகம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பத்திகள் நேராக நிற்காது, பார்க்கவும் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும். முழுவதையும் படமாகவே வையுங்கள். பொருளின் பெயர் பத்திக்குள் அடங்குகிறதா என்பதை எழுத்தெண்ணிக்கையால் பார்க்காமல் புள்ளி அகலத்தால் அளந்து பாருங்கள். ‘ணை’யின் அகலமும் ‘ர’வின் அகலமும் ஒன்றல்ல.

தமிழ்ப் பெயர்களைத் தேடும்போது இன்னொரு சங்கதி. ‘கொத்தமல்லி’யின் முதலெழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க (யூனிகோடு எண் 2965) உடன் ஒற்றைக் குறியீடாக 3018, அல்லது க உடன் 3014, 3006 என்று இரண்டாக. திரையில் வேறுபாடே தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. உள்ளே வரும் எல்லாச் சரத்தையும் யூனிகோடின் என்எஃப்சி (NFC) என்ற ஒருமித்த வடிவுக்கு மாற்றிவிட்டுச் சேமித்தால் இந்தச் சிக்கல் தீரும். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தால் அதை என்எஃப்சி திருத்தாது, தனி விதி எழுத வேண்டும். வரிசைப்படுத்தலும் அப்படித்தான். குறியீட்டு எண் வரிசையில் ‘ந’வை அடுத்து ‘ன’ வந்துவிடும், ‘ர’வை அடுத்து ‘ற’. அகராதியில் ‘க்’ முதலில் வர வேண்டியது இங்கே ‘கௌ’வுக்குப் பின்னால் போய் நிற்கும். யூனிகோடு வேலைகளுக்கான ஐசியு (ICU) நூலகத்தின் தமிழ் வரிசை விதியைப் பயன்படுத்துங்கள்.

பில் தொகையைத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பக் கேட்டால் செலவைச் சொல்லிவிடுங்கள்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறி, தமிழில் 70, நீண்டு இரண்டாக உடைந்தால் துண்டுக்கு 67. ‘வணக்கம்’ என்ற ஐந்தெழுத்தே 7 குறி.

தராசுக்கு வருவோம். கடைத் தராசுகளில் பலவற்றில் பின்பக்கம் ஒன்பது ஊசி சீரியல் வாய் இருக்கும். முத்திரை பதித்த உறையைத் திறந்து உள்ளே கை வைக்காதீர்கள். அது எடையளவுத் துறையின் முத்திரை, உடைந்தால் மாட்டுவது கடைக்காரர். வெளியே உள்ள வாயில் கேபிளைச் செருகுவதோடு உங்கள் வேலை முடிகிறது. தரவு எதுவுமே வரவில்லையென்றால், 2, 3 ஊசிகள் குறுக்காகப் போக வேண்டிய இடத்தில் நேராகப் போகும் கேபிளா என்று முதலில் பாருங்கள். கிறுக்கலாக வந்தால் வேகம் தவறு. 9600, 8 பிட், பேரிட்டி (பிழை காணும் பிட்) இல்லை என்பதில் தொடங்கி 4800, 2400 என்று இறங்குங்கள்.

சில தராசுகள் இடைவிடாமல் எடையைக் கொட்டிக்கொண்டே இருக்கும், சில கேட்டால்தான் சொல்லும். கொட்டும் வகையில் ஒருமுறை வாசித்ததில் ஒரு முழு வரி இருக்கும் என்று நம்பினால் கெட்டீர்கள். ‘01.2’ வரை வந்து, ‘35’ அடுத்த வாசிப்பில் வரும். வந்ததையெல்லாம் ஒரு தாங்கியில் சேர்த்து, வரி முடிவுக் குறி வந்த பிறகே பிரியுங்கள். நிலைத்த எடை என்பதற்கு அடையாளக் குறி அனுப்பும் தராசானால் அதை மதியுங்கள். இல்லையென்றால் தொடர்ந்து மூன்று வாசிப்பு ஒன்றாக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். தட்டைக் கை அழுத்திக்கொண்டிருக்கும்போது விழுந்த எடை பில்லில் ஏறினால் வாடிக்கையாளர் சும்மா விடமாட்டார்.

யூஎஸ்பி மாற்றிக் கேபிளை வேறு வாயில் மாற்றிச் செருகினால் விண்டோஸ் அதற்குப் புது காம் எண் கொடுத்துவிடும், குறிப்பாக வரிசை எண் இல்லாத மலிவுச் சிப்புகளுக்கு. காலையில் கடையைப் பெருக்கியவர் வயரைப் பிடுங்கி மாற்றிச் செருகியிருப்பார், உங்களுக்கு போன் வரும். காம் எண்ணை அமைப்புக் கோப்பில் எழுதி வைக்காமல், சாதனத்தின் தயாரிப்பாளர் எண், பொருள் எண் இரண்டையும் வைத்து நிரலே தேடிக்கொள்ளட்டும்.

அடுத்தது பாமினி. நான்கில் இதுதான் சுவையான வேலை. பாமினியில் தட்டச்சான கோப்பில் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகள்தாம் இருக்கின்றன, எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுகிறது. ‘தமிழ்’ என்பது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். எழுத்துருவை எடுத்துவிட்டால் முகமூடி கழன்றுவிடும். இலங்கையில் இந்த எழுத்துரு பரவலாகப் புழங்கியதால் அங்கிருந்து வரும் பழைய மலர்கள், அறிக்கைகள், பாடக்குறிப்புகள் பலவும் இதில்தான் இருக்கும்.

இந்த மாற்றியை எழுதும் பலரும் செய்வது, ‘இதை அதாக மாற்று’ என்ற கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவது. பாமினியில் காற்புள்ளி விசை ‘இ’ என்ற எழுத்து. காற்புள்ளி வேண்டுமென்றால் பெரிது என்னும் குறியின் (>) விசை. முதல் கட்டளை > குறியைக் காற்புள்ளியாக மாற்றும், பின்னால் வரும் கட்டளை அந்தக் காற்புள்ளியையும் சேர்த்து ‘இ’ ஆக்கும். ‘கண்டிஇ மாத்தளைஇ’ என்று இணையத்தில் நீங்கள் பார்த்திருக்கக்கூடியது பெரும்பாலும் இப்படிப்பட்ட குழப்பத்தின் பிள்ளை. எழுத்துருவில் ஒருவகை, தட்டச்சியவர் வேறுவகை என்றாலும் இதே விளைவுதான். சாய்கோடு ‘ஃ’ ஆவதால் தேதிகள் ‘12ஃ05ஃ2003’ என்று மாறும். தீர்வு, உள்ளீட்டை இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை நடப்பது. ஒவ்வொரு இடத்திலும் பொருந்தக்கூடிய நீளமான குறித்தொகுதியை எடுத்து, மாற்றியதை வேறு பட்டியலில் போடுங்கள். போட்டதை மறுபடி தொடாதீர்கள். இரண்டு எண்களுக்கு நடுவே வரும் ‘ஃ’ சாய்கோடுதான் என்ற விதியைத் தனியாகச் சேருங்கள்.

பிறகு கொம்புகள். பாமினி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கிறது: கொம்பு முதலில், எழுத்து அடுத்து, கால் கடைசியில். யூனிகோடில் எழுத்து முதலில். ஆகவே கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த மெய்யைப் போட்டபின் அதை இறக்க வேண்டும். பின்னால் கால் வந்தால் இரண்டையும் சேர்த்து ஒகரமாக்க வேண்டும்.

ஔகாரம்தான் உண்மையான வில்லன். அதன் வலது பகுதி ‘ள’ என்ற எழுத்தாகவே தட்டப்பட்டிருக்கும். கொம்பு, எழுத்து, ள என்று வந்தால் ஔகாரம் என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ‘வெள்ளம்’ ‘வௌ்ளம்’ ஆகும், ‘வெளியீடு’ ‘வௌியீடு’ ஆகும். நூலகப் பட்டியல்களில்கூட இந்த ‘வௌியீடு’ தலைகாட்டும். விதி எளிது: அந்த ‘ள’வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது மெய்; இல்லையென்றால் ஔகாரம். கௌரவம், மௌனம், பௌர்ணமி எல்லாம் சரியாக விழும். தவறுவது பேச்சுநடையில்: ‘வெளக்கு’, ‘வெளஞ்ச’ என்று எழுதிய சிறுகதைகள். அவற்றுக்கு விலக்குச் சொற்பட்டியல் ஒன்று வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

வேர்டு கோப்பை வெறும் உரையாக்கி மாற்றினால் இடையில் டைம்ஸ் நியூ ரோமனில் இருந்த ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் கூளமாகிவிடும். எது பாமினி, எது ஆங்கிலம் என்ற தகவல் எழுத்துருப் பெயரில் மட்டுமே இருக்கிறது. டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப்; உள்ளே எக்ஸ்எம்எல். உரை சின்னச் சின்ன ஓட்டங்களாக உடைந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துரு. ஓட்டத்தில் எழுத்துரு குறிக்கப்படவில்லையென்றால் பத்தியின் பாணியில் தேடுங்கள், அங்கும் இல்லையென்றால் கோப்பின் பொது அமைப்பில். அடுத்தடுத்து ஒரே எழுத்துருவில் உள்ள ஓட்டங்களை முதலில் ஒட்டிவிட்டு அப்புறம் மாற்றுங்கள். எழுத்துப்பிழைச் சோதனை ஒரு சொல்லை நடுவில் பிளந்து வைத்திருக்கும். கொம்பு ஓர் ஓட்டத்தில், எழுத்து அடுத்ததில் என்று கிடக்கும்.

மாற்றிய பின்னும் ஒரு படி உண்டு. வேர்டு தமிழைச் சிக்கல் எழுத்து வகையில் சேர்ப்பதால், அதற்கென உள்ள தனி எழுத்துரு, தனி அளவு, தனித் தடிமன் அமைப்புகளையே பார்க்கும். பழைய அளவை அந்த இடத்திலும் எழுதாவிட்டால் 14 புள்ளித் தலைப்பு சுருங்கிப் போகும். எழுத்தளவு அங்கே பாதிப் பாதிப் புள்ளியாக எண்ணப்படுவதால் 14க்கு 28 என்று எழுத வேண்டும். பழைய டாக் வடிவக் கோப்புகளை லிப்ரேஆபிஸைக் கட்டளை வரியில் ஓட்டி டாக்எக்ஸாக்கிவிட்டு மேற்கொண்டு போங்கள்.

சோதிக்கும் வேலையையும் நிரலிடமே விடலாம். சொல்லின் தொடக்கத்தில் உயிர்க்குறி, இரண்டு உயிர்க்குறி சேர்ந்து வருவது, உயிர்க்குறிக்குப் பின் புள்ளி: தமிழில் இவை மூன்றும் நடக்காது. நடந்த வரிகளை எண்ணோடு பட்டியலிடுங்கள். பட்டியல் காலியாகும்வரை விதியைத் திருத்துங்கள். இந்தக் கருவியை உலாவியிலேயே ஓடும்படி செய்வது நல்லது; பிறருடைய கோப்பு உங்கள் சர்வருக்கு வரவே தேவையில்லை, மாதச் செலவும் இல்லை.

மழைமானியில் நிரல் ஐம்பது வரிதான். வாளி கவிழும் வகை மானியில் ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் ரீட் சுவிட்ச் (காந்தம் அருகில் வந்தால் மூடும் சுவிட்ச்) ஒருமுறை மூடித் திறக்கும்; கடைகளில் கிடைப்பவற்றில் ஒரு கவிழ்ப்பு 0.2 அல்லது 0.2794 மி.மீ. சுவிட்ச் துள்ளும், ஒன்று இரண்டாகவும் மூன்றாகவும் எண்ணப்படும். மணிக்கு 100 மி.மீ. என்ற பேய்மழையில்கூட 0.2794 மானி ஏறக்குறைய 10 நொடிக்கு ஒருமுறைதான் கவிழும். எனவே முதல் துடிப்புக்குப் பின் 300 மில்லி நொடி காதை மூடிக்கொண்டால் எதுவும் தவறாது. 10 கிலோ ஓம் மேலிழு (புல்-அப்) தடையும் 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டரும் வெளியே போடுங்கள். நீண்ட வயரில் இடி மின்னல் நேரத்தில் பொய்த் துடிப்பு வரும்.

பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பாமல் அளந்து பாருங்கள். வாய் விட்டம் 16 செ.மீ. என்றால் பரப்பு 201 சதுர செ.மீ. அரை லிட்டர் நீர் 24.9 மி.மீ. மழைக்குச் சமம். அடியில் ஊசித்துளை போட்ட பாட்டிலில் அரை லிட்டரை நிரப்பி, குறைந்தது அரைமணி நேரம் சொட்டவிட்டுக் கவிழ்ப்புகளை எண்ணுங்கள். 24.9ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்தால் உங்கள் மானியின் உண்மையான அளவு. வேகமாக ஊற்றினால் வாளி கவிழும் நேரத்தில் வரும் நீர் கணக்கில் சேராமல் போய் அளவு தப்பும்.

மானியை இயக்கும், வைஃபை வசதியுள்ள இஎஸ்பி 32 சிப் ஆழ்துயிலில் பத்து மைக்ரோ ஆம்பியர் அளவுதான் இழுக்கும். ஆனால் அதைச் சுமந்துவரும் போர்டில் உள்ள ரெகுலேட்டர், யூஎஸ்பி சிப், சிவப்பு விளக்கு எல்லாம் சேர்ந்து மில்லி ஆம்பியர் கணக்கில் தின்னும். பேட்டரி மாதக்கணக்கில் வரும் என்ற கணக்கு வாரத்தில் முடிந்துவிடும். வைஃபை எழும் நொடியில் மின்னோட்டம் சில நூறு மில்லி ஆம்பியர் வரை எகிறுவதால் மெல்லிய வயரில் மின்னழுத்தம் சரிந்து போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். பெரிய கெப்பாசிட்டர் ஒன்றைப் போர்டுக்கு அருகிலேயே போடுங்கள். பேட்டரி அளவை வாசிக்க இரண்டாவது ஏடிசியின் (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) கால்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வைஃபை ஓடும்போது அவை வேலை செய்யாது.

நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமியுங்கள். இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. அது பொது நேரத்தில் சரியாக 3 மணி. நள்ளிரவில் நாளை மாற்றினால் உங்கள் எண்ணும் நாளிதழில் வரும் எண்ணும் ஒருநாளும் ஒத்துப்போகாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரில், புனலைக் கழற்றிச் சிலந்தி வலையையும் வேப்பிலையையும் எடுத்துவிடுங்கள். மழை கொட்டுகிறது, மானி பூஜ்யம் காட்டுகிறது என்றால் நிரலில் பிழை தேடும் முன் புனலைப் பாருங்கள்.

கடைசியாக, காகித வேலை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் கணினி நிரல் இலக்கியப் படைப்பு வகையில் வருகிறது. ஊழியராக இல்லாமல் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கும் நிரலுக்கு, எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை, முதல் உரிமையாளர் நீங்கள்தான். மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். இரண்டு தரப்புக்கும் இது தெரியாமலேயே வேலை முடிந்துவிடுவது வழக்கம். படமாக்கி அச்சிடும் பகுதியும் என்எஃப்சி, வரிசை விதிகளும் பாமினி மாற்றிக்கும் அடுத்த கடைக்கும் தேவைப்படும். ஆகவே அவற்றைத் தனி நூலகமாகப் பிரித்து, ‘இது எழுதியவருக்குச் சொந்தம், கடை தன் பயன்பாட்டுக்கு நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள். கடைக்கென்றே எழுதிய பகுதியைப் பணம் முழுதும் வந்ததும் முழு உரிமையோடு கொடுத்துவிடலாம். பணத்தில் கால் பங்காவது தராசும் பிரிண்டரும் கடையில் இயங்கி, ஒரு வாரம் பில் போட்ட பிறகு என்று வைத்தால் கடைக்காரரும் மறுக்கமாட்டார்.

ஒப்படைக்கும் நாளில் மூலநிரல், எழுத்துருவின் உரிமக் கோப்பு, தராசின் வேக அமைப்பு எழுதிய தாள், பேக்கப்பிலிருந்து மீட்கும் படிகள், நிர்வாகிக் கடவுச்சொல் போட்டு ஒட்டிய உறை ஆகியவற்றைக் கடைக்காரர் கையில் கொடுங்கள். மீட்கும் படிகளை அவரையே ஒருமுறை செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று வாய் திறக்காமல் பாருங்கள். அவர் தடுமாறும் இடத்தில் தாளைத் திருத்தி எழுத வேண்டும்.